கிராண்ட் கேன்யனில் குடும்பத்தோடு இரண்டு இரவு: முதன்முறை டென்ட் போடப் போகிறவர்களுக்கு

அரிசோனா என்றதும் மனத்தில் வருவது வெயில்தான். அதனால் கிராண்ட் கேன்யனுக்கு முதன்முதலாக டென்ட் போடக் கிளம்பும் குடும்பங்கள் தொப்பி, சன்ஸ்கிரீன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். படுக்கைக்கு மட்டும் நாலு பெட்ஷீட்டைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குக் குழந்தை நடுங்கி எழும்போதுதான் விஷயம் புரிகிறது. பள்ளத்தாக்கின் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில், அதாவது 2,100 மீட்டரில் இருக்கிறது. ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். பாலைவனத்துக்குப் போகிறோம் என்று எண்ணாமல், கொடைக்கானலில் வெட்டவெளியில் படுக்கப் போகிறோம் என்று எண்ணி மூட்டை கட்டுங்கள். படுக்கை, சமையல், நடை மூன்றிலும் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த உயரத்தால் வருபவைதான்.

இங்கே சொல்வது ஃபீனிக்ஸிலிருந்து காரில் கிளம்பி, தென் விளிம்பில் இரண்டு இரவு தங்கித் திரும்பும் பயணத்துக்கானது. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று கணக்கு. வட விளிம்பு இன்னும் ஆயிரம் அடி உயரம். சாதாரணமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. முதல் பயணத்துக்குத் தென் விளிம்பே போதும்.

எந்த மாதம்

தென் விளிம்பின் சராசரி வெப்பநிலையைப் பார்த்தாலே முடிவு செய்துவிடலாம். மே மாதம் பகலில் 21 டிகிரி செல்சியஸ், இரவில் 4. ஜூனில் 27, 8. ஜூலையில் 29, 12. செப்டம்பரில் 24, 8. அக்டோபரில் 18, 2. ஏப்ரலில் இரவு 0 டிகிரிக்கு இறங்கிவிடும். இவை சராசரிதான், மோசமான இரவில் இதற்கும் கீழே போகும்.

சிறு பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை செப்டம்பரின் பின்பாதி. கோடை விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், இரவும் தாங்கும். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை மழைக்காலம். மதியம் ஒரு மணிக்குமேல் இடியும் மின்னலும் மளமளவென்று திரண்டு வரும். அந்த மாதங்களில் விளிம்பில் சுற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்த இடத்தில் மின்னல் விழவும் வாய்ப்பு உண்டு என்று பொருள். உடனே காருக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும்.

இடம் பிடிப்பது

குடும்பத்துக்கு ஏற்றது மேதர் கேம்ப்கிரவுண்ட். தேசியப் பூங்காவுக்குள், கடைகளும் விடுதிகளும் உள்ள கிராண்ட் கேன்யன் கிராமத்திலேயே, பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை உண்டு. பணம் கட்டிக் குளிக்கும் அறையும் துணி துவைக்கும் இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இலவசப் பேருந்து நடக்கும் தூரத்தில் நிற்கும். ஓர் இடத்தில் அதிகபட்சம் 6 பேர், 3 டென்ட், 2 வண்டி. மேசையும், நெருப்பு மூட்ட வளையமும் கொடுத்திருப்பார்கள். மின் இணைப்பு கிடையாது.

முன்பதிவு ரிக்ரியேஷன்.கவ் தளத்தில், ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும். செப்டம்பர் 20-ஆம் தேதி தங்க வேண்டுமானால் மார்ச் 20 காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கணக்கு தொடங்குவது, அட்டை விவரம் சேர்ப்பது எல்லாம் முதல்நாளே முடிந்திருக்க வேண்டும். விரும்பிய தேதியில் இடம் தீர்ந்துபோவது அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில்தான். வெள்ளி, சனி இரவுகளை விட்டு ஞாயிறு, திங்கள் என்று தேடினால் எளிதாகக் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றாலும் தளர வேண்டாம். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பலர் ரத்து செய்வார்கள். காலையும் இரவும் ஒருமுறை பாருங்கள்.

மாற்று இடம் டெசர்ட் வியூ கேம்ப்கிரவுண்ட். கிராமத்திலிருந்து கிழக்கே சுமார் 25 மைல். அமைதியான இடம்; ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும், குளியலறையும் இல்லை.

நுழைவுக் கட்டணம் தனி: ஒரு வண்டிக்கு 35 டாலர், 7 நாள் செல்லும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஒன்று கவனியுங்கள். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர் என்று இந்தப் பூங்காவில் விதி வந்திருக்கிறது. வாயிலில் நின்று திகைப்பதைவிட, வீட்டிலிருந்தே பூங்காவின் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

படுக்கை: செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்

நாலு பேருக்கு "6 பேர் டென்ட்" வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை தோளோடு தோள் இடித்துப் படுத்தால் கொள்ளும் அளவு. பைகளுக்கு இடம் இருக்காது. மேலே போர்த்தும் மழைத்துணி தரைவரை இறங்கும் டென்டாக இருக்கட்டும். உச்சியில் மட்டும் தொப்பிபோல் உட்காரும் துணி காற்றையும் தடுக்காது, சாரலையும் தடுக்காது.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 30 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தால் அந்தக் குளிரில் உயிர்க்குப் பழுதில்லாமல் படுத்திருக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். சுகமாகத் தூங்க அதோடு பத்து டிகிரியாவது கூட்டிக்கொள்ளுங்கள். மே, செப்டம்பர், அக்டோபர் பயணத்துக்கு 20 டிகிரி ஃபாரன்ஹீட் பை சரியாக இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது மேலே போர்த்துவதில் அல்ல, கீழே விரிப்பதில். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் காற்று மெத்தையைக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் இருக்கும் காற்று இரவு முழுக்கத் தரையின் குளிரை வாங்கி முதுகுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாலை 25 டிகிரியில் கல்லுபோல் அடித்த மெத்தை, விடியற்காலை 4 டிகிரியில் காற்றுச் சுருங்கித் தொய்ந்துவிடும். ஓட்டை என்று நினைத்துப் புதிது வாங்க ஓடுகிறார்கள்; மெத்தையில் குறை எதுவும் இல்லை. மூடிய நுரையால் செய்த பாய் ஒன்று ஆளுக்கு வாங்கிவிடுங்கள். காற்று மெத்தைதான் வேண்டும் என்றால் அதன் மேலே இந்தப் பாயை விரித்து, அதன்மேல் படுக்க வேண்டும்.

தூங்குமுன் உடுப்பு முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். பகலெல்லாம் வேர்வை குடித்த பருத்திச் சட்டையும் காலுறையும் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருக்கும், ஆனால் ஈரம் உள்ளே நிற்கும். கம்பளிக் குல்லா, காய்ந்த காலுறை, முழுக்கைச் சட்டை. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகள் காலைவரை எழ மாட்டார்கள்.

சமையல்

இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்தால் துவரம் பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் மசியாது. சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாக நிற்கும். அடுப்பைக் கூட்டினாலும் பயனில்லை, தண்ணீர் வற்றும், அவ்வளவுதான். ஆகவே 3 லிட்டர் குக்கர் ஒன்று காரில் ஏறியே ஆக வேண்டும். குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதால் வீட்டில் வைக்கும் விசிலோடு ஒன்றிரண்டு சேர்த்து வையுங்கள். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்தால் எரிவாயு மிச்சமாகும். குக்கர் விசில் காலையில் பக்கத்து டென்டை எழுப்பும். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது விதி. குக்கர் வேலையை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்குப் பச்சை நிறக் குட்டி சிலிண்டரில் வரும் புரோபேன் அடுப்பு, இரண்டு பர்னர் உள்ளது, நல்லது. மேசைமேல் வைக்கும் ஒற்றை பியூட்டேன் அடுப்பு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அதை நம்பிப் போக வேண்டாம். பியூட்டேன் 0 டிகிரி வாக்கில் வாயுவாக மாறுவதையே நிறுத்திவிடும். விடியற்காலைக் குளிரில் சுடர் சுருங்கிக் காப்பிக்கு வெந்நீர்கூட வராது. புரோபேன் சிலிண்டர் ஒன்று, ஒரு பர்னரை முழுதாக எரித்தால் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். இரண்டு இரவுக்கு இரண்டு சிலிண்டரும், கையிருப்பாக ஒன்றும் போதும். எவ்வளவு குளிரானாலும் மழையானாலும் டென்டுக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இட்லி மாவு கொண்டுபோகிறவர்களுக்கு: வீட்டிலேயே புளிக்கவைத்து, குளிரவைத்து, டப்பாவில் பாதியளவுக்கே நிரப்பி, ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஃபீனிக்ஸ் 1,100 அடி. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்புவதைக் காரிலேயே பார்ப்பீர்கள். இறுக மூடிய மாவு டப்பாவும் அப்படித்தான் உப்பும், மாவு தானே விடும் வாயுவும் அதோடு சேரும். ஃப்ளாக்ஸ்டாஃபில் நிறுத்தும்போது மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டுவிட்டு மூடுங்கள்.

எதற்கும் அசையாத உணவு புளிக்காய்ச்சல். முதல் இரவு களைப்பில் சோறு மட்டும் வைத்தால் போதும். இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். முறுக்கு, உப்புக் கடலை, ஊறுகாய் நிறைய எடுங்கள். நடைக்கு அது மருந்து மாதிரி, காரணம் கீழே வருகிறது. ஐஸ் பெட்டி இரண்டாக இருக்கட்டும். குடிக்கும் பானங்களுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டியில் பால் நிற்காது. தண்ணீர்ப் பாட்டில்களை இரண்டு நாள் முன்பே உறையவைத்து அடுக்கினால், ஐஸ் கட்டிகளைவிட நெடுநேரம் தாங்கும், உருகியபின் குடிக்கவும் ஆகும்.

20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று நிரப்பிக் கொண்டுபோங்கள். பூங்காவில் குழாய்த் தண்ணீர் உண்டு, நல்ல தண்ணீர்தான். ஆனால் அது வட விளிம்புக்குக் கீழேயுள்ள ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து, 1960களில் போட்ட குழாயில் வருகிறது. அந்தக் குழாய் அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் இதனாலேயே விடுதிகளில் இரவு தங்குவதை நிறுத்தவேண்டி வந்தது.

விறகு பொறுக்குவது பூங்காவில் தடை. கிராமத்துக் கடையில் வாங்க வேண்டும். கோடையில் தீத் தடை வந்துவிட்டால் கரி அடுப்பும் கூடாது. திருகி அணைக்கக்கூடிய எரிவாயு அடுப்புக்கு வழக்கமாக அனுமதி உண்டு. கேம்ப்ஃபயரை நம்பி இரவுச் சாப்பாட்டைத் திட்டமிடாதீர்கள்.

சாலை

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 வழியாக ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 145 மைல், அங்கிருந்து 180-ஆம் எண் சாலையில் போய் 64-ஆம் எண் சாலையைப் பிடித்தால் இன்னும் 80 மைல். சாப்பாட்டுக்கு நிறுத்துவதோடு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் முதல் ஏற்றம், கேம்ப் வெர்டே தாண்டியதும் இரண்டாவது. எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகையைப் பார்ப்பீர்கள். ஆள், சாமான், மேலே கூரைப் பெட்டி என்று நிரம்பிய வண்டி ஜூன் வெயிலில் ஏறும்போது அந்தப் பலகை சொல்வதைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் கூலன்ட் அளவும், உதிரி டயரின் காற்றும் பார்த்துவிடுங்கள். உதிரி டயரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பெட்ரோல் ஃப்ளாக்ஸ்டாஃபில் நிரப்புங்கள். கிராமத்துக்குள் பங்க் இல்லை. வாயிலுக்கு வெளியே டுசயானில் உண்டு, விலை கூடுதல். தென் வாயிலில் கோடையில் காலை பத்து மணிக்குமேல் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். வீட்டிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் நுழைந்துவிடலாம். இருட்டிய பிறகு 64-ஆம் எண் சாலையில் ஓட்ட நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்க் மான்கள் குதிரை அளவு இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஒதுங்காமல் நடுச்சாலையில் நின்றுவிடும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும்.

கைபேசி சிக்னல் கிராமத்திலேயே நைந்துபோகும். வரைபடம், முன்பதிவுச் சீட்டு இரண்டையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

டென்ட் அடிப்பது

வாங்கிய டென்டை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கூடத்திலாவது. கம்பி குறைவது, ஜிப் மாட்டுவது எல்லாம் அங்கே தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இடத்துக்கு வந்ததும் முதலில் தரையைப் படியுங்கள். பைன் ஊசிகளை ஒதுக்கிக் கல்லையும் காய்களையும் பொறுக்குங்கள். குழிந்த இடம் படுக்க வசதியாகத் தோன்றும். மழை வந்தால் அதுதான் குட்டை. தரைவிரிப்புத் தார்ப்பாயை டென்டின் விளிம்புக்கு உள்ளே இருக்குமாறு மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்துணியில் வழியும் தண்ணீரை அது வாங்கி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

மண் இங்கே மெல்லியது, அடியில் சுண்ணாம்புப் பாறை. டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இரண்டாவது அடியிலேயே வளையும். ஒரு சாண் நீள எஃகு முளை பத்தும், ஒரு சுத்தியலும் தனியாக வாங்குங்கள். தலை டென்டிலிருந்து வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். பாறை தட்டினால் போராடாமல் நாலு விரல் தள்ளி அடியுங்கள். எங்கும் இறங்கவில்லை என்றால் கயிற்றைத் தண்ணீர்க் கேனில் கட்டலாம்.

எவ்வளவு குளிரானாலும் மேலுள்ள காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாது. நாலு பேர் மூச்சு இரவெல்லாம் துணியில் நீராகப் படிந்து, விடியும்போது சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

சாப்பாடு, குப்பை, பற்பசை, சோப்பு எதுவும் டென்டில் இருக்கக் கூடாது. தூங்குமுன் எல்லாம் காருக்குள். அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பையே திறந்துவிடும். அணில்களுக்குப் பிள்ளைகள் முறுக்கு நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரலோடு கடித்துவிடும். எல்க் மானிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்கள் இணைதேடிக் குழல் ஊதுவதுபோல் கத்தும். அப்போது இன்னும் விலகுங்கள்.

பார்ப்பதும் நடப்பதும்

முதல் நாள் விளிம்போரம் மட்டும். உயரம் பழகவேண்டும், தலைவலி, மூக்கில் காய்ந்து இரத்தம் வருவது, பசியின்மை எல்லாம் முதல் நாளில் சாதாரணம். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். மூக்கினுள் கொஞ்சம் வாசலின் தடவினால் பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும். விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்பு இல்லை. ஓரத்திலிருந்து 2 மீட்டர் உள்ளேயே நிற்பது, புகைப்படம் எடுக்கும்போது பின்பக்கமாக அடி எடுத்து வைக்காமல் இருப்பது, சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பது. இந்த மூன்றையும் காரிலிருந்து இறங்குமுன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது காலப்பாதை. யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராமத்துப் பக்கம் போகும் சமதளப் பாதை அது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. வழியில் அந்தந்தக் காலத்துப் பாறையையே எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை வெட்டியது சுமார் 50, 60 லட்சம் ஆண்டுக்குள் என்கிறார்கள். அது இங்கே ஐந்தாறு மீட்டர்தான். அடியாழத்துப் பாறையின் வயதுக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் நடக்க வேண்டும். பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் கையேடு இலவசமாகத் தருவார்கள். அதை நிரப்பிக் காட்டினால் ரேஞ்சர் உறுதிமொழி சொல்லவைத்து பேட்ஜ் தருவார்.

இரண்டாம் நாள் விடியலில் உள்ளே இறங்கலாம். சவுத் கைபாப் பாதையில் ஊ-ஆ முனைவரை போய்வர 1.8 மைல், சீடர் ரிட்ஜ்வரை 3 மைல். பாதை தொடங்கும் இடத்துக்குக் காரில் போக முடியாது, இலவசப் பேருந்துதான். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்வுக்குடில்வரை போய்வர 3 மைல். அங்கே குழாய் வெயில் காலத்தில் மட்டும்.

மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும், களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். இறக்கம் துள்ளலாக இருக்கும். களைப்பு தெரியும் இடத்தில் ஏற்றம் முழுவதும் மிச்சமிருக்கும். போகப்போக வெயிலும் கூடும். ஜூலையில் அடித்தளத்தில் சராசரிப் பகல் வெப்பம் 41 டிகிரி. இறங்கிய நேரத்தைப் போல் இருமடங்கு ஏறுவதற்கு வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எந்த முனை இருந்தாலும். பத்து மணிக்குள் மேலே வந்திருக்க வேண்டும். ஆற்றுவரை போய் ஒரே நாளில் திரும்புவது குடும்பத்தோடு நினைத்தே பார்க்கக் கூடாதது.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு ஈடாகாது. குமட்டலும் தலைசுற்றலும் வரும், வெயில் தாக்கியது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், இன்னும் மோசமாகும். முறுக்கும் உப்புக் கடலையும் அதற்குத்தான். கோவேறு கழுதைகள் வந்தால் பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி, அசையாமல் நின்று, ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள்.

சூரியன் மறைவதைப் பார்க்க ஹோப்பி முனை. மார்ச் முதல் நவம்பர்வரை அந்தச் சாலையில் சொந்தக் கார் செல்லாது. சிவப்புத் தடப் பேருந்து. அது முடிந்து எல்லோரும் ஒரே பேருந்துக்கு நிற்பார்கள், குளிர் சட்டென்று இறங்கும். ஸ்வெட்டரைக் கேம்பில் விட்டுவிட்டு வராதீர்கள்.

திரும்பும் நாள்

காலை 11 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மழைத்துணியை முதலில் கழற்றி வெயிலில் போட்டுவிட்டுக் காப்பி போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். முளைகளை எண்ணி எடுங்கள்.

வந்த வழியே திரும்பாமல் கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் போங்கள். வழிநெடுகக் காரை நிறுத்திப் பார்க்க முனைகள் உண்டு. லிப்பன் முனையிலிருந்து ஆறு வளைந்து வருவது நன்றாகத் தெரியும். கடைசியில் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் முடிந்த கல் கோபுரம், 70 அடி உயரம். அங்கிருந்து கேமரன் போய் 89-ஆம் எண் சாலையில் ஃப்ளாக்ஸ்டாஃபைப் பிடித்துவிடலாம். கேமரன் நவாஹோ மக்களின் நிலப்பகுதியில் இருக்கிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ பகுதி மாற்றும். அதனால் கைபேசி திடீரென ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். ஃப்ளாக்ஸ்டாஃபை நெருங்கும்போது தானே பழைய நேரத்துக்கு வந்துவிடும்.